ஷுவாவின் பாலும் டிரவுட் மீனின் வயிறும்

ஷுவா என் இளைய மகனின் மனைவி. மலைநாட்டுப் போருக்குத் தப்பி வந்த எங்கள் மோங் சனத்தில் மீன் பிடிக்கத் தெரிந்த பெண்கள் நிறைய உண்டு. ஆனால் ஏரிக்காற்று காதை அறுக்கிற ஏப்ரலில், ஷெபாய்கன் ஏரித் துறைமுகத்தில், ஒன்பது மாத வயிற்றோடு தூண்டில் பிடித்து நின்றவள் இவள் ஒருத்திதான். தாய்லாந்து அகதி முகாமில் பிறந்து நாலு வயதில் இந்தக் குளிர் தேசத்துக்கு வந்தவள். வாரம் முழுக்க சீஸ் கம்பெனியில் பொட்டலம் கட்டுவாள். சனி ஞாயிறு மீன். வாளி நிறைந்தால் நாலு வீட்டுக்குப் பங்கு போகும்.

மாய்லீ பிறந்தாள். எங்கள் வழக்கப்படி முப்பது நாள் மூலிகை போட்ட கோழிச் சாறும் சோறும் மட்டுமே. முப்பத்தோராம் நாள் நானே டிரவுட் சமைத்தேன். எலுமிச்சைப்புல் போட்டு, கொழுப்பு மிதக்க மிதக்க வயிற்றுச் சதை. பால் ஊற அதைவிட வேறில்லை. ஆறு பிள்ளைக்குப் பால் கொடுத்தவள் சொல்கிறேன். கர்ப்பமாக இருந்தபோதும் அந்தத் துண்டு அவளுக்குத்தான்.

ஏரி மீன் சாப்பிடும் தாய்மார்களைச் சோதிக்கிறோம் என்று மருத்துவமனையில் அவளிடம் கொஞ்சம் பால் கேட்டார்கள். ரத்தம் கேட்டிருந்தால் விட்டிருக்க மாட்டேன். போன ரத்தம் திரும்பாது. பால்தானே, ஊறும். ஒரு சின்னப் புட்டியில் கொடுத்தாள்.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே படித்தவள், சூடு பட்டதுபோல் மாய்லீயை மார்பிலிருந்து விலக்கினாள்.

“என்னடி?”

“சோபாவுல, திரைச்சீலையில தீப்பிடிக்காம இருக்க ஒரு ரசாயனம் போடுவாங்களாம் அத்தை. அது என் பால்ல இருக்காம். மத்தவங்களைவிட நிறைய.”

“நீ என்ன சோபாவையா தின்ன?”

“ஏரியில கலந்து மீனுக்குப் போயிருக்கு. மீன்லேர்ந்து எனக்கு. எங்கிட்டேர்ந்து...” புறங்கையால் குழந்தையின் வாயோரப் பாலைத் துடைத்தாள்.

அன்றே பாலை நிறுத்தினாள். மகன் பால்பவுடர் டப்பா வாங்கி வந்தான். மாய்லீ முகத்தைத் திருப்பிக்கொண்டு கத்தினாள். மறுநாள் ஷுவாவுக்கு மார்பு கல்லாகிக் காய்ச்சல். அழுதுகொண்டே பாத்திரம் கழுவுகிற தொட்டியில் பாலைப் பீய்ச்சினாள். எனக்கு எழுத்து தெரியாது. ஆனாலும் கடிதத்தில் எந்த வரியில் அவள் விரல் போய்ப் போய் நிற்கிறது என்று தெரியும்.

மூன்றாம் நாள் மருத்துவமனையில் எங்கள் பாஷை பேசுகிற பஹுவா வீட்டுக்கு வந்தாள்.

“பாலை நிறுத்தச் சொல்லி யாரு எழுதினா? கொடுக்கிறதுதான் நல்லதுன்னு டாக்டரே சொல்றாரு. மீனைத்தான் மாத்தணும். அந்த ரசாயனம் கொழுப்புலதான் தங்கும். நீ எந்தத் துண்டு சாப்பிடுவ?”

ஷுவா அடுப்பையே பார்த்தாள்.

“வயிறு,” என்றேன். “நான்தான் எடுத்து வச்சேன். அவளா ஒரு நாளும் கேட்டதில்ல.”

“அங்கதான் நிறையச் சேரும் பெரியம்மா. தோலையும் கொழுப்பையும் வெட்டி எறிஞ்சிடுங்க. குளத்துல கிடைக்கிற சின்ன மீனாச் சமைங்க.”

“கொழுப்பில்லாத மீனும் ஒரு மீனா? தண்ணியக் குடிச்சா பால் ஊறுமா?”

“இதுவரைக்கும் மாய்லீக்குள்ள போனது என்ன செய்யும்?” என்று கேட்டாள் ஷுவா.

பஹுவா கைப்பை வாரைத் திருகினாள். “யாருக்கும் சரியாத் தெரியல, ஷுவா.”

ஷுவா குழந்தையை எடுத்து மார்பில் போட்டாள். அது விழுங்குகிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது. ஒவ்வொரு மிடறுக்கும் அவள் தோள் இறுகி இறுகித் தளர்ந்தது.

ஏப்ரலில் பிடித்த டிரவுட் ஃப்ரீசரில் மிச்சம் இருந்தது. எறிய எனக்கு மனசு வரவில்லை. அடுத்த வாரம் வயிற்றுத் துண்டை வேகவைத்து நானே சாப்பிட உட்கார்ந்தேன். ஷுவா கிண்ணத்தைப் பிடுங்கினாள்.

“என்ன அத்தை இது?”

“எங்கிட்ட யாரு பால் குடிக்கப் போறா? வீணாக்கணுமா?”

“மாய்லீக்கு நீங்க வேணும்.”

அத்தனையையும் குப்பைப் பையில் கொட்டி இரண்டு முடிச்சுப் போட்டாள். அன்று பகல் அவள் போட்ட சோற்றை நான் தொடவில்லை. சாயங்காலம் குளத்தில் பிடித்த விரல் நீள மீனைப் பொரித்து, முள் எடுத்து, முதல் துண்டை எனக்கு வைத்தாள்.

“எப்படி இருக்கு?”

“உப்பு கம்மி.”

சிரிக்கப் போனாள். அதற்குள் தொட்டிலில் மாய்லீ தும்மினாள். இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தோம்.