துணி காவல்

நான் குடியிருக்கும் டெல்ஃப்ட் நகரத்தில் வாசலைத் தாண்டி நாலு எட்டு வைத்தால் கால்வாய். கைப்பிடிச் சுவர் கிடையாது, கம்பி கிடையாது, ஆழம் என்று எச்சரிக்கும் பலகைகூடக் கிடையாது. தெருவின் கல்தளம் முடிகிற இடத்தில் தண்ணீர் தொடங்குகிறது, அவ்வளவுதான். அந்த விளிம்பில் காரை நிறுத்துகிறார்கள், நாற்காலி போட்டுக் காபி குடிக்கிறார்கள், பால்மணம் மாறாத பிள்ளை சைக்கிள் ஓட்டுகிறது. கணவரின் வேலைக்காக நெதர்லாந்துக்கு வந்த புதிதில், நான் வீட்டுச் சுவர்களை உரசிக்கொண்டுதான் கடைக்குப் போவேன். எதிரே ஆள் வந்தால் ஒதுங்க மாட்டேன். அவர்தான் தண்ணீர்ப் பக்கம் ஒதுங்க வேண்டும். திமிர் பிடித்தவள் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

பக்கத்து வீட்டு ஹென்னி அம்மாள் அறிமுகமான அன்றே கேட்ட கேள்வி, "உங்களுக்கு நீந்தத் தெரியும்தானே?" நான் மதுரைக்காரி. "எங்கள் ஊரில் ஆற்றில் தண்ணீர் வந்தால், வேலையைப் போட்டுவிட்டுப் பாலத்தில் நின்று வேடிக்கை பார்ப்போம்" என்றேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ முகம் வாடி, என் கையைப் பற்றிக்கொண்டு, "ஐயோ, குடிப்பதற்கு என்ன செய்தீர்கள்?" என்றார். வைகையைப் பற்றி அதற்குமேல் அவரிடம் விளக்க எனக்குத் தெம்பில்லை.

இந்த ஊரில் தண்ணீருக்கு வேலி போடுவதில்லை, பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக் கொடுத்துவிடுகிறார்கள். 'ஸ்வெம்டிப்ளோமா' என்று அதற்கு ஒரு சான்றிதழ் உண்டு. என் மகள் ஏழு வயதில் அதை வாங்கிக்கொண்டு வந்தாள். வீட்டுக்குத் திரும்பும் வழியில், கால்வாய் ஓரம் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "அம்மா, நீ உள்ள விழுந்தா நான்தான் குதிச்சுக் காப்பாத்தணுமா?" என்று கேட்டாள். விளையாட்டாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கவலைப்பட்டுக் கேட்டாள். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் ஒருநாள் எனக்காகத் தண்ணீரில் குதிக்க வேண்டி வரும் என்ற எண்ணத்தை என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை. ஏனென்றால், தண்ணீரில் விழுந்த ஒருத்தியையும் அவளைக் காப்பாற்றத் தெரியாத அம்மாவையும் நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

நான் வளர்ந்தது ஆனையூரில். அப்பா மிஷன் பள்ளி ஒன்றில் கிளார்க். எங்கள் வீட்டில் தண்ணீர் என்றால் குடத்தில் இருப்பது, லாரியில் வருவது. ஞானஸ்நானத்தின்போது தலையில் தெளித்த தண்ணீருக்கே ஊரைக் கூட்டி அழுதேன் என்று அம்மா சொல்வாள். மே மாத விடுமுறைக்குத் திருவாதவூரில் பெரியப்பா வீட்டுக்குப் போவோம். அவர் தோட்டத்தில் மோட்டார் ரூமை ஒட்டிப் பெரிய கிணறு. பையன்கள் அந்த ரூமின் மேல் ஏறி, வரிசையாகக் குதிப்பார்கள். பெண்பிள்ளைகளுக்கும் அங்கே ஒரு வேலை இருந்தது. அவர்கள் கழற்றிப் போட்ட சட்டை டவுசர்களை மடியில் வைத்துக்கொண்டு, ஆடு மென்றுவிடாமல், வேறு பையன்கள் ஒளித்துவிடாமல் பார்த்துக்கொள்வது. துணி காவல் என்று அதற்குப் பேர். பெரியப்பா மகள் ஸ்டெல்லா அக்காதான் எங்களுக்குத் தலைவி. "நாங்களும் எறங்கட்டா?" என்று அவள் ஒருமுறை கேட்டதற்குப் பெரியப்பா, "துணியெல்லாம் ஒட்டிக்கிட்டு, பாக்க நல்லாவா இருக்கும்?" என்றார். கேள்வி அத்தோடு முடிந்தது.

அக்காவுக்குப் பதினாறு வயது நடந்தபோது, தூக்குவாளி கழுவப் படியிறங்கியவள் வழுக்கி உள்ளே விழுந்தாள். ஆண்கள் எல்லோரும் மேலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். களை எடுத்துக்கொண்டிருந்த பெரியம்மாவும் வேலைக்கு வந்த இரண்டு பெண்களும் ஓடிவந்து கிணற்றைச் சுற்றி நின்றார்கள். சேலைத் தலைப்பை உள்ளே வீசினார்கள், கத்தினார்கள். மூன்று பேரில் ஒருவருக்கும் நீந்தத் தெரியாது. வேப்பமரத்தடியில் நின்று நானும் அதைப் பார்த்தேன். அடுத்த கோடையில் பையன்கள் அதே கிணற்றில் குதித்தார்கள். பெண்பிள்ளைகளை மட்டும் கிணற்றுப் பக்கமே விடவில்லை. கேட்டால், "ஸ்டெல்லா போனது பத்தாதா?" என்பார்கள். பெரியம்மாவோ அதன்பிறகு கிணற்றடிக்குப் போனதே இல்லை.

நாற்பது தாண்டியபின் டெல்ஃப்ட் நீச்சல்குளத்தில் பெரியவர்கள் வகுப்பில் சேர்ந்தேன். நீச்சலுடை போட்டுக்கொண்டு உடைமாற்றும் அறையிலிருந்து வெளியே வரவே முதல் நாள் பாதி வகுப்பு போய்விட்டது. அப்புறம் பல வாரம் பல்லிபோலச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தேன். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தால் காதுக்குள் பெரியம்மாவின் குரல் கேட்கும். பயம் போனால்தான் நீச்சல் வரும் என்பார்கள். எனக்குப் பயம் போகவில்லை. கோபம்தான் வந்தது. பதினாறு வயதுப் பெண்ணுக்கு ஒரு கோடையில் கற்றுக்கொடுத்திருக்கக்கூடிய விஷயம் இது! அந்தக் கோபத்தில்தான் ஒருநாள் சுவரை விட்டேன். மூக்கில் ஏறியது, வயிற்றுக்குள் போனது, ஆனாலும் மிதந்தேன்.

தட்டுத்தடுமாறிக் குளத்தின் மறுகரையைத் தொட ஆரம்பித்த சமயம், நீளக் கழியோடு கரையில் நடந்துகொண்டே கற்றுத்தரும் ஆசிரியை மரைக்கே என்னிடம், "அடுத்த வாரம் உடை போட்டுக்கொண்டு வாருங்கள். முழுக்கால் உடை, சட்டை, ஷூ" என்றார். எனக்கு ஜிவ்வென்று கோபம் ஏறியது. யாரோ புகார் சொல்லியிருக்க வேண்டும், அல்லது இந்தியப் பெண் கூச்சப்படுகிறாள் என்று இவரே இரக்கப்பட்டுச் சலுகை தருகிறார் என்று எண்ணிக்கொண்டேன். "எனக்குச் சலுகை வேண்டாம். எல்லோரையும்போல இதே உடையில்தான் வருவேன்" என்றேன். அவர் விழித்தார். "எல்லோருக்கும்தான் சொல்கிறேன். பரீட்சையே அப்படித்தான். கால்வாயில் விழுகிறவர் யாராவது நீச்சலுடையிலா விழுகிறார்?"

நான் அங்கேயே, குளத்தின் விளிம்பைப் பிடித்தபடி, அழுதுவிட்டேன். ஸ்டெல்லா அக்கா பாவாடை தாவணியோடு விழுந்தாள். துணியோடு நீந்த ஒரு வழி இருக்கிறது, அதைப் பாடமாகவே வைத்துச் சொல்லித்தர முடியும் என்று எங்கள் பக்கத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மரைக்கே நான் இன்னும் கோபமாக இருக்கிறேன் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டார். மறுவாரம் சுடிதாரும், சந்தையில் வாங்கிய கேன்வாஸ் ஷூவும் போட்டு இறங்கினேன். ஈரத் துணி ஆளைக் கீழே இழுக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். பதறாமல் காலை அகட்டி உதைத்தால் துணியும் கூடவே வருகிறது.

போன மே மாதம் குடும்பத்தோடு ஊருக்குப் போனோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் திருவாதவூர்த் தோட்டத்தில் கூடினோம். இப்போது அது ஸ்டெல்லா அக்காவின் தம்பி எட்வின் அண்ணனுடையது. பையன்கள் கிணற்றில் கும்மாளம் போட்டார்கள். பெண்கள் வேப்பமரத்தடியில் பிரியாணிச் சட்டியோடு உட்கார்ந்திருந்தார்கள், பக்கத்தில் பையன்களின் துணிக்குவியல். நான் டெல்ஃப்டிலிருந்து கொண்டுவந்திருந்த கேன்வாஸ் ஷூவின் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தேன்.

"எங்க பாப்பா போற?" என்றார் அண்ணன். எனக்கு எத்தனை வயதானாலும் அவருக்குப் பாப்பாதான்.

"எறங்கப் போறேண்ணே."

"ஏய், வெளையாடாத. ஒங்க ஊரு நீச்சக்குளத்துல தரை தெரியும். இது கெணறு. இம்புட்டு வயசுக்கப்புறம் ஒனக்கு என்ன கிறுக்கு? ஸ்டெல்லா போனது பத்தாதா?"

அந்த வாக்கியத்துக்காகத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தேன் போலிருக்கிறது. "அக்கா தண்ணியால போகலண்ணே. சுத்தி நின்ன மூணு பேருக்கும் நீச்சத் தெரியல, அவளுக்கும் தெரியல. அதான் போனா. இந்தா, இதப் புடிங்க" என்று துப்பட்டாவையும் கண்ணாடியையும் அவர் கையில் கொடுத்துவிட்டுப் படியிறங்கினேன். பாசியில் ஷூ வழுக்கியது. கறுப்புத் தண்ணீர். கீழே நீல ஓடு பதித்த தரை இல்லை, கரையில் கழியோடு மரைக்கே இல்லை. பயந்துகொண்டேதான் இறங்கினேன்.

சுடிதார் உப்பி மேலே வந்தது. காலை உதைத்தேன். பையன்கள் படிகளில் ஒதுங்கி வாய் பார்த்தார்கள். ஒரு சுற்று வந்து, மல்லாந்து மிதந்தேன். அப்போதுதான் பார்த்தேன். மேலே வட்டமாக வானம், அதன் விளிம்பெங்கும் பெண்களின் தலைகள். எட்வின் அண்ணனின் மனைவி ரீட்டா மதினி சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டி வீசத் தயாராக நின்றார். ஸ்டெல்லா அக்கா கடைசியாகப் பார்த்தது இதைத்தான். அழுதுகொண்டே மிதக்க முடியும் என்பதையும் அன்றுதான் கற்றேன்.

"போதும், ஏறுடி!" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். தலைகளை விலக்கிக்கொண்டு ஒரு நரைத்த தலை எட்டிப் பார்த்தது. பெரியம்மா. அத்தனை வருஷத்துக்குப்பின் கிணற்றடிக்கு வந்திருக்கிறார். அவர் வெகுநேரம் என்னையே பார்த்தார்.

"விடுங்கடி" என்றார். "இன்னொரு சுத்து வரட்டும்."

வந்தேன். மேலே ஏறியபோது எட்வின் அண்ணன் என் துப்பட்டாவை மார்போடு அணைத்தபடி, நான் விட்டுப்போன இடத்திலேயே நின்றிருந்தார்.

ஷூ காய்வதற்குள் விமானம் ஏறவேண்டியிருந்தது. டெல்ஃப்டில் ஹீட்டர்மேல் வைத்தேன், வீடெல்லாம் பாசி நாற்றம். கழுவச் சொன்னார் கணவர், மாட்டேன் என்றேன். அழுக்கு ஷூவைக் குளத்தில் விடமாட்டார்கள், ஆகவே வகுப்புக்கு வேறொரு ஜோடி வாங்கினேன். போன வாரம் ரீட்டா மதினி போனில் கூப்பிட்டார். பக்கத்தில் ஆள் இருந்ததோ என்னவோ, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அடுத்த தடவ எப்ப வார? அண்ணன்ட்ட இப்பச் சொல்லாத. எனக்கு ஷூ ஆறாம் நம்பரு."

இப்போது எங்கள் வாசலில், கால்வாயைப் பார்த்தபடி மூன்று ஜோடி ஷூ இருக்கிறது. ஒன்றில் குளோரின் நெடி, ஒன்றில் திருவாதவூர்ப் பாசி. மூன்றாவது இன்னும் நனையவில்லை.