அலுமாரிக்குப் பின்னால் ஒரு கதிரை

"சேர், பிலோமினா ரீச்சர் மோசம் போயிட்டா" என்று பாடசாலைக் காவலாளி தொலைபேசியில் சொன்னபோது நான் வயலுக்குத் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றேன். ரீச்சரின் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு இரண்டு வரி எழுதித் தரும்படி பிறகு கேட்டார்கள். ஓய்வுபெறும்வரை அங்கே நான்தானே பிரதி அதிபர். நான் செய்த வேலை இரண்டு வரியில் அடங்காது.

அவரோடு படிப்பித்த உங்களுக்கு அந்த விசேட கல்வி வகுப்பு நினைவிருக்கும். பேச்சு வராத, எழுத்துப் பிடிபடாத பதினொரு பிள்ளைகள். காலையில் வந்ததும் ஒவ்வொரு பிள்ளையும் தன் கதிரையைத் தூக்கி விரும்பின இடத்தில் போடலாம். "வாயால சொல்லத் தெரியாத பிள்ளை கதிரையால சொல்லும் சேர். இண்டைக்கு ஆருக்கு மனம் சரியில்லை எண்டு எனக்கு உடன விளங்கும்" என்பார். "அதுகளுக்கு என்ன ரீச்சர் மனக்கவலை? வயிறு நிறைஞ்சால் சிரிக்குங்கள்" என்றேன் நான். ஆசிரியர் அறையில், எல்லோரும் கேட்கத்தான் சொன்னேன். சிலர் சிரித்தீர்கள்.

வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து மேற்பார்வைக்கு வருகிறார்கள் என்றால் எங்களுக்கு ஒரு பேய் பிடிக்கும். சுவருக்கு வெள்ளை அடிப்போம், பூச்சாடி இரவல் வாங்குவோம், கண்ணில் பட்டதையெல்லாம் நேராக்குவோம். அந்த முறை நான் கதிரைகளையும் நேராக்கினேன். ஒரு கதிரை மட்டும் அலுமாரிக்குப் பின்னால் கிடந்தது. அதில் உடையார்கட்டிலிருந்து வரும் பிள்ளை யாழினி இருந்தாள். பன்னிரண்டு வயது. தகப்பனை யானை அடித்துக் கொன்று ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"அவளை விடுங்கோ சேர். அவள் தகப்பனுக்கு அழுறாள்" என்றார் ரீச்சர். நான் பிள்ளையோடு சேர்த்துக் கதிரையை வெளியே இழுத்தேன். அவள் அலுமாரியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள், சீருடையோடு சிறுநீர் போனது. வந்தவர்கள் வாசலில் நின்றார்கள். "இதுகள் இப்பிடித்தான், காரணம் ஒண்டும் இராது" என்று அவர்களுக்குச் சொன்னேன். ரீச்சர் ஈர நிலத்தில் பிள்ளைக்குப் பக்கத்தில் போய் இருந்தார்.

யாழினி வருவதை நிறுத்திவிட்டாள். ரீச்சர் அவளுடைய கதிரையை ஸ்கூட்டியில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். பாடசாலைச் சொத்தை வெளியே கொண்டுபோனதற்கு விளக்கம் கேட்டு நான் கடிதம் கொடுத்தேன். என் புத்தி அவ்வளவுதான். "கதிரை பிள்ளையிடம் இருக்கிறது" என்று ஒரே வரியில் பதில் தந்தார்.

சனிக்கிழமைதோறும் போனார். கதிரை குசினி மூலையிலிருந்து முற்றத்துக்கு வந்தது, பிறகு தெருவாசல் படலைக்கு. அப்போதுதான் என்னிடம் வந்து கேட்டார்: "இந்தச் சனிக்கிழமை நீங்களும் வாங்கோ சேர். ஒண்டும் கதைக்க வேண்டாம். தள்ளி ஒரு கதிரையைப் போட்டு இருங்கோ, அதுவே காணும். உங்களுக்குப் பயப்பிடாட்டில் அவள் பள்ளிக்கூடம் வருவாள்." கலியாண வீடு ஒன்று இருக்கிறது என்றேன். பச்சைப் பொய். பிரதி அதிபர் ஒரு பிள்ளைக்கு முன்னால் போய்த் தலைகுனிந்து இருக்கிறதோ என்ற கொழுப்பு. இன்னொரு தரமும் கேட்டார். அதற்குப் பிறகு கேட்கவில்லை. நான் ஓய்வுபெற்ற பிறகுதான் யாழினி திரும்பி வந்தாளாம். அவளுடைய நாலு வருசப் படிப்பு என்னால் போனது.

செத்த வீட்டில் அவளைக் கண்டேன். வளர்ந்துவிட்டாள். பந்தலுக்குள் எல்லோரும் வரிசையாக இருக்க, அவள் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு போய்ப் படலையடியில், வீட்டுக்கு முதுகு காட்டிப் போட்டாள். "இஞ்சால வா பிள்ளை" என்று ஆரோ கூப்பிட்டார்கள். "விடுங்கோ, அவள் ரீச்சருக்கு அழுறாள்" என்றேன். சொன்ன பிறகுதான் அது ஆருடைய சொல் என்று உறைத்தது.

நானும் ஒரு கதிரையை எடுத்துப் பத்தடி தள்ளிப் போட்டு இருந்தேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். எழும்பி, கதிரையைத் தூக்கி, இன்னும் தள்ளிப் போட்டு இருந்தாள். நான் கிட்டப் போகவில்லை, எழும்பவும் இல்லை. ரீச்சரின் பெட்டியை எடுக்கும்வரை அங்கேயே இருந்தேன். ரீச்சர் என்னிடம் கேட்டது அவ்வளவுதான். அந்தத் தூரம்தான் அவர் எனக்கு விட்டுப்போனது.