மில் வாசலில் வைத்த மெஷின்

பிரெஞ்சுக்காரர்கள் போய் மூன்று நான்கு வருடம் இருக்கும். பஞ்சாலை வாசலில் ஆள் கணக்கெடுப்பது என் வேலை. சங்கு ஊதியதும் வெளியே போகிறவர்களின் முகத்தைப் பார்த்துப் பார்த்துக் குறிப்பேன். வரிசை மெதுவாக நகரும். என் கணக்கிலும் சில நாள் தப்பு வரும். மேனேஜர் ஒரு கடிகார மெஷினை வரவழைத்தார். அவரவர் அட்டையை நுழைத்துப் பிடியை அழுத்தினால் நேரம் பதிந்துவிடும்.

"யாரு அழுத்துறாங்கன்னு அதுக்குத் தெரியாதே, முசே" என்றேன். பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழக்கத்தில் மேனேஜரை அப்படித்தான் கூப்பிடுவோம்.

"மனுஷன் ஏமாத்துவான். மெஷின் ஏமாத்தாது" என்றார். என்னை ஆபீசுக்குள் மாற்றினார்கள்.

பிள்ளைச்சாவடியிலிருந்து இரண்டு கூட்டாளிகள் ஒரே சைக்கிளில் வேலைக்கு வருவார்கள். ஒருவன் சைக்கிளை எடுக்கப் போவான். மற்றவன் இரண்டு அட்டையையும் அழுத்திவிடுவான். ஒரு நாள் அவர்களில் மூத்தவனுக்குக் காய்ச்சல். வேலை முடிந்ததும் குடோனில் பஞ்சு மூட்டைகளுக்குப் பின்னால் கொஞ்சம் படுத்துவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான். சின்னவன் வழக்கம்போல இரண்டையும் அழுத்திவிட்டு டீக்கடையில் காத்திருந்தான்.

குடோனில் தீப்பிடித்தது. தீயணைக்க வந்தவர்கள், "உள்ள யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார்கள். மேனேஜர் அட்டைகளைப் புரட்டிவிட்டு, "எல்லாரும் போயிட்டாங்க" என்றார். பக்கத்து ஷெட்டுக்குப் பரவாமல் தண்ணீரை அந்தப் பக்கம் திருப்பினார்கள்.

சின்னவன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு என்னிடம் ஓடி வந்தான். "அண்ணே, அவன் உள்ள இருக்காண்ணே!"

மேனேஜர் அட்டையை நீட்டினார். "மணி பதிஞ்சிருக்கே?"

"அது நான் அழுத்துனது, முசே! நான் அழுத்துனது!"

அதற்குள் கூரை சரிந்துவிட்டது. மறுநாள் காலையில்தான் உடலை எடுக்க முடிந்தது.

விசாரணையில், இறந்தவன் வெளியே போய்த் திருட்டுத்தனமாகத் திரும்பி வந்தவன் என்று மில் தரப்பில் வாதாடினார்கள். ஆதாரம், அந்த அட்டை. சின்னவன் நடந்ததை ஒளிக்காமல் சொன்னான், வேலை போயிற்று. பிறகு தேங்காய்த்திட்டில் மீன்பிடிப் படகில் வேலைக்குப் போனான். ஒருவன் அட்டையை மற்றவன் அழுத்துவது வாசலில் எல்லோருக்கும் தெரியும் என்று நானும் சொன்னேன். வெகுநாள் இழுத்தடித்து நஷ்டஈடு என்று ஏதோ கொடுத்தார்கள். மெஷினோடு என்னையும் திரும்ப வாசலில் நிறுத்தினார்கள்.

தீர்ப்பு நாளில் இறந்தவனின் மனைவி, இடுப்பில் பிள்ளையோடு என்னிடம் வந்தாள்.

"உள்ள இருக்காருன்னு தெரிஞ்சிருந்தா காப்பாத்தப் போயிருப்பாங்கதானே, அண்ணே?"

"போயிருப்பாங்கம்மா."

அவள் தலையை ஆட்டினாள். பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தாள்.