கைக்குட்டை பார்க்காத திரை

கைப்பையைத் திறந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுக்கிறார். மடித்தது மடித்தபடியே, போன வீட்டுத் தொலைக்காட்சியின் ஓரத்தில் ஒட்டினாற்போலப் பிடிக்கிறார். ஒரு கண்ணைச் சுருக்குகிறார். "இது வெள்ளையா? வெண்ணெய்ங்க இது!" அடுத்த நிமிடம் அந்த வீட்டு ரிமோட் அவர் கையில் இருக்கும். வந்தது துக்கம் விசாரிக்க என்றாலும் சரி, பிறந்த குழந்தையைப் பார்க்க என்றாலும் சரி. செய்தி வாசிக்கும் பெண்ணின் முகம் தக்காளி நிறத்திலிருந்து மனித நிறத்துக்கு வந்து சேரும் வரை கலர் அக்கா அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்.

அந்தக் கைக்குட்டைக்கு முன்னால் தலைகுனியாத திரை அக்கம்பக்கத்தில் இல்லை. மருத்துவரின் அறைக்கு வெளியே தொங்குவது, வங்கியில் டோக்கன் எண் காட்டுவது, எதிர்வீட்டுப் பையன் கார் ஓட்டி விளையாடுவது எல்லாம் மாட்டியிருக்கின்றன. மாமியார் ஒருவர்தான் மசியாதவர். மருமகள் படியிறங்கியதும் ரிமோட்டை எடுத்துப் பழையபடி பளபளவென்று ஆக்கிக்கொள்வார். "அவ வெக்கிற கலர்ல எல்லாரும் காய்ச்சல்ல கிடந்து எழுந்த மாதிரி இருக்காங்க" என்பது அவர் கட்சி. கணவருக்கும் ஒரு குறை உண்டு. "என்னைய முதல்ல பாத்த அன்னைக்கே, 'கொஞ்சம் ஜன்னல் பக்கம் வர்றீங்களா'ன்னு கேட்டா. ஆசையாத்தான் கூப்பிடறான்னு போய் நின்னேன். ட்யூப்லைட் வெளிச்சத்துல என் நிறத்த நம்பலையாம்!"

இந்தக் கைக்குட்டையை வருடக்கணக்காகப் பார்த்துவருபவர் மெஷின் அண்ணன். இருவருக்கும் ஒரே ஸ்டுடியோவில் வேலை. கேமராவில் பிடித்த முகங்களை மாடியில் அக்கா திரையில் சரிசெய்து அனுப்புவார். கீழே அண்ணன் அவற்றைத் தன் மெஷினில் காகிதத்தில் எடுப்பார். நடுவில் ஒரு மரப்படிக்கட்டு, ஓயாத ஒரு வழக்கு. படம் நன்றாக வந்தால் "என் கலர்" என்று மாடி சொல்லும், "என் மெஷின்" என்று கீழ்த்தளம் சொல்லும். கெட்டுப்போனால் இரண்டும் ஒன்றையொன்று கைகாட்டும். வயதில் அண்ணன்தான் மூத்தவர். ஆனாலும் எல்லாரையும் போல அவரும் "அக்கா" என்றே கூப்பிடுவார். கோபம் வந்தால் மட்டும் "தாயே".

புதுக் கம்ப்யூட்டர் வாங்கியபோது அதன் கிராஃபிக்ஸ் கார்டோடு ஒரு சின்ன மென்பொருளும் வந்தது. மானிட்டரின் வெளிச்சம், கருப்பின் ஆழம், சிவப்பு, பச்சை, நீலம் எல்லாவற்றையும் தனித்தனியே, மௌஸால் கோட்டை இழுத்துக் கூட்டலாம், குறைக்கலாம். பிடித்த அளவுக்கு ஒரு பெயர் வைத்துச் சேமிக்கலாம். இந்த வேளையில் இந்த அளவு தானாக வரட்டும் என்று சொல்லியும் வைக்கலாம். கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களில் பாதிப்பேர் அப்படி ஒன்று இருப்பதையே அறியமாட்டார்கள். அக்கா அதற்குள் குடித்தனமே போய்விட்டார். அந்தக் கோடுகளுக்கு அவர் வைத்த பெயர் குழாய். "சிவப்புக் குழாய் ஒழுகுது, இறுக்கி மூடிட்டேன்" என்பார். "பச்சையில காத்துதாண்ணே வருது" என்பார்.

சேமித்த அளவுகளுக்கும் பெயர் வைத்திருந்தார். "காலை" சாதாரண வேலைக்கு. ஜன்னல் வழியாக வெயில் மேசைமேல் ஏறும்போது "வெயில்". "முதலாளி" என்று ஒன்று உண்டு. படியில் முதலாளியின் செருப்புச் சத்தம் கேட்டதும் ஒரு பொத்தானைத் தட்டினால் எல்லா முகத்துக்கும் ஒரு பொலிவு வரும், அவரும் "பேஷ்" என்று சொல்லிவிட்டு இறங்கிப்போவார். கடைசியில் "கண்வலி" என்று ஒன்று. அது கண் சிவந்து நீர் வடிந்த ஒரு வாரத்தின் கதை. சொட்டு மருந்தோடு முடிந்தது.

அப்போதுதான் அந்தப் பெரிய வேலை வந்தது. செவிலியர் கல்லூரி ஒன்றில் படிப்பை முடித்த பெண்களின் படங்கள். வெள்ளைச் சீருடை, கையில் பட்டம், முகத்தில் சிரிப்பை அடக்கிய சிரிப்பு. அவர்களில் பலர் வீட்டில் அதற்கு முன் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. அந்த வீடுகளில் சுவரில் ஆணி அடித்தாகியிருக்கும்; படம் போய்ச் சேரவேண்டியதுதான் பாக்கி. வழக்கமாகப் பொழுது இருக்கும்போதே கிளம்பிவிடும் அக்கா, இதற்காக விளக்கு வைத்த பிறகும் உட்கார்ந்து வேலை பார்த்தார். "ஏன்தான் எல்லா முகமும் மஞ்சளா வருதோ" என்று முனகிக்கொண்டே ஒவ்வொன்றிலும் மஞ்சளைக் கழற்றினார்.

முதல் கட்டுப் படங்களை வாங்கிப்போனவர்களில் பாதிப்பேர் திரும்பி வந்தார்கள். படத்தில் சீருடை, நீலம் கூடிப்போய் அலசிய துணிபோல இருந்தது. முகத்தில் ரத்தமில்லை. ஒரு தாய் படத்தை மேசைமேல் வைத்துத் தட்டினார். "என் பொண்ணு பட்டம் வாங்கிட்டு வந்தாளா, ஐஸ் பெட்டியில இருந்து எழுந்து வந்தாளா?"

முதலாளி அந்தப் படத்தோடு நேராக மெஷின் அறைக்குப் போனார். பழைய மெஷினை விற்றுவிட்டு, அடிக்கும் வேலையை வெளியே கொடுத்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் எண்ணம். "மொத்தத்தையும் திருப்பி அடிச்சுக் குடுங்க. இன்னொரு தடவை இப்படி வந்துச்சு, மெஷின் இந்த வாரமே வெளிய போயிடும்." மெஷின் போனால் அண்ணனும் போகவேண்டியதுதான். அதன் இருமல், தும்மல் தவிர வேறெதையும் அவர் கற்றுக்கொண்டதில்லை.

சத்தம் கேட்டு அக்கா இறங்கி வந்து மெஷின் அறை வாசலில் நின்றார்.

"மெஷினுக்கு வயசாயிடுச்சுண்ணே, ஒத்துக்கோங்க."

"எனக்கும்தான் வயசாச்சு. நான் என்ன நீலமாவா இருக்கேன்?"

"மேல வந்து பாருங்க. என் திரையில ஒவ்வொரு முகமும் தங்கம்."

"இருக்கும் தாயே. அந்தத் தங்கம் படியிறங்கி வர்றதுக்குள்ள ஏன் செத்துப்போகுது?"

"அத உங்க மெஷினக் கேளுங்க."

"உன் திரைய நீ கேட்டியா?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரையைச் சந்தேகிப்பதா, அதுவும் கலர் அக்காவின் திரையை? "சரி. தப்பு என் பக்கம்னா, இதே வாசல்ல நின்னு, மாடி வரைக்கும் கேக்கற மாதிரி, 'அண்ணே, தப்பு என்னோடதுதான்'னு சொல்றேன். போதுமா?"

"நான் சாட்சி" என்றார் முதலாளி.

அன்று மாலை, பொழுது சாய்ந்து விளக்கெல்லாம் போட்ட பிறகு, மெஷினிலிருந்து எடுத்த சூடு ஆறாத ஒரு படத்தோடு அண்ணன் மாடி ஏறினார். அது போன வருடம் அக்கா அனுப்பிய ஒரு முகம். பழையதைத் தேடி எடுத்து இன்று புதிதாக அடித்திருந்தார். நல்ல மனித நிறம். கன்னத்தில் ரத்தம் ஓடியது. "இதுவும் அதே மெஷின்தான். அதே மை, அதே காகிதம். இப்ப இதையே உன் திரையில திற."

அக்கா திறந்தார். கையில் இருந்த முகம் உயிரோடு இருந்தது. திரையில் இருந்த அதே முகம் மஞ்சள் காமாலை கண்டதுபோல இருந்தது. அக்கா படத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

பிறகு கை தானாகப் பைக்குள் போயிற்று.

அத்தனை வருடத்தில் அந்தக் கைக்குட்டை அந்தத் திரைக்கு முன்னால் வந்ததை அண்ணன் ஒருநாளும் பார்த்ததில்லை. வந்திருந்தால்தானே பார்ப்பதற்கு. தெருவில் இருக்கும் திரையையெல்லாம் சோதித்தவருக்குத் தன் திரையைச் சோதிக்கத் தோன்றவில்லை, அளவு வைத்தது அவரே என்பதால். இதில் அக்காவை மட்டும் சொல்லி என்ன? சரி என்று ஒருமுறை மனதில் வைத்துவிட்ட ஒன்றை மறுபடி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் துணிவு நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது?

ஒரு வெற்றுப் பக்கத்தைத் திரை முழுக்க விரித்தார். ஓரத்தில் கைக்குட்டையை வைத்தார். ஒரு கண்ணைச் சுருக்கினார். கைக்குட்டை வெள்ளை. பக்கம் வெண்ணெய்.

"ஐயோ" என்றார், மிக மெல்ல.

மென்பொருளைத் திறந்தார். பட்டியலின் கடைசியில் "கண்வலி" என்ற பெயர் ஒளிர்ந்துகொண்டிருந்தது. கண் நோவெடுத்த வாரத்தில், கண்ணுக்கு இதமாக நீலத்தைக் குறைத்து, பொழுது சாய்ந்தால் தானாக, கொஞ்சம் கொஞ்சமாக வரும்படி அவரே சொல்லிவைத்தது. கண் சரியானதும் அவர் மறந்துவிட்டார், அது மறக்கவில்லை. நாள்தோறும் அந்தி வேளையில் வந்து திரைமேல் மஞ்சளைப் பூசிவிட்டு, காலையில் போய்விட்டது. படிப்படியாக வந்ததால் கண்ணும் அதற்குப் பழகிக்கொண்டது. திரையில் இருந்த மஞ்சளை முகத்தில் இருப்பதாக நினைத்து அக்கா கழற்றிக் கழற்றி அனுப்ப, காகிதத்தில் நீலம் மட்டும் மிஞ்சியது. காலையில் பார்த்த முகங்கள் தப்பித்தன, மாலையில் பார்த்தவை குளிரில் விறைத்தன.

அக்கா அதை அணைத்தார். திரை முகம் கழுவிக்கொண்டு வந்ததுபோலப் பளிச்சென்றது.

"பிடிச்சுட்டேன்!" என்று கத்தினார் அக்கா. திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த குரல். தட்டிய தட்டில் மேசைமேல் இருந்த பேனா உருண்டு விழுந்தது. "பாத்தீங்களாண்ணே? எப்பிடிப் பிடிச்சேன் பாத்தீங்களா?"

"பாத்தேன் பாத்தேன்" என்றார் அண்ணன். திருடன் யார் என்று அவர் கேட்கவில்லை. மெஷின் பிழைத்தது என்ற நினைப்பில் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை மாடியும் கீழ்த்தளமும் முதல்முறையாக ஒரே கட்சியாயின. எவ்வளவு நீலம் குறைந்தது என்பது அந்த மென்பொருளிலேயே இருந்தது. அதை வைத்துக்கொண்டு அக்கா மாலை முகங்களை எல்லாம் மொத்தமாக மீட்டார்; பிறகு ஒவ்வொன்றையும் தனியாகத் தொட்டார். "அடுத்தது வருதுண்ணே!" என்று மேலிருந்து குரல் வரும், "வரட்டும் வரட்டும்!" என்று கீழிருந்து மெஷினோடு சேர்ந்து பதில் போகும். அண்ணன் படங்களை நீளமேசையில் வரிசையாகப் பரப்பிக்கொண்டே போனார். அக்கா இறங்கி வந்து, ஒரு பெண்ணின் சீருடைமேல் தன் கைக்குட்டையை வைத்தார். துணி எங்கே முடிகிறது, படம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

"இப்ப சொல்லுங்கண்ணே. யார் கலர்?"

"யார் மெஷின்?"

இருவரும் சிரித்தார்கள்.

படம் வாங்க வந்த பெண்கள் கவுன்ட்டரையே கல்லூரி ஆக்கிவிட்டார்கள். ஒருத்தி தன் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். ஒருத்தி அங்கேயே வீட்டுக்குப் போன் போட்டு, "ஆணிய இன்னும் கொஞ்சம் மேல அடிங்கப்பா, படம் பெருசு" என்றாள். ஐஸ் பெட்டித் தாயும் வந்தார். படத்தைக் கையில் வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பி, ரொம்ப நேரம் பார்த்தார். "ஆங். இவதான் என் பொண்ணு" என்றார். பக்கத்தில் உயிரோடு நின்ற மகளை அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

முதலாளிக்கு வாயெல்லாம் பல். "மெஷின் எங்கயும் போகல, இங்கயே இருக்கட்டும்" என்று அண்ணனின் தோளில் தட்டினார். பிறகு அக்காவிடம் திரும்பி, "கடைசியில எங்கதான் தப்பு?" என்று கேட்டார்.

"சாஃப்ட்வேர் கோளாறு சார்" என்றார் அக்கா, கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு. "விடல, பிடிச்சுட்டேன்ல."

அண்ணனின் புருவம் மேலே ஏறி, அங்கேயே நின்றது. முதலாளி விடவில்லை. "நான் ஒண்ணுக்குச் சாட்சி சொன்னதா ஞாபகம்."

"இன்னைக்கு வேலை தலைக்கு மேல இருக்கு சார்" என்று அக்கா படியேறிவிட்டார்.

அதெல்லாம் நடந்து நாளாயிற்று. "கண்வலி"யை அக்கா மென்பொருளிலிருந்து அழித்துவிட்டார். ஊர்த் திரைகளை இப்போதும் விடுவதில்லை. போன வாரம்கூட ஒரு நகைக்கடையின் விளம்பரத் திரை மாட்டியது. வழக்கும் பழையபடி படிக்கட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. ஒன்றுதான் புதிது. அந்தி நேரத்தில், வேலை பாக்கி இருந்தாலும் இல்லாவிட்டாலும், அக்கா கீழே இறங்கி வருகிறார். மெஷின் அறை வாசலில் வந்து நிற்கிறார். தொண்டையைக் கனைத்துக்கொள்கிறார்.

அண்ணனும் அதற்காகவே காத்திருந்தவர்போல, ஓடிக்கொண்டிருக்கும் மெஷினை நிறுத்துகிறார். கட்டடமே கப்சிப் என்று ஆகிறது. இப்போது மெதுவாகச் சொன்னால்கூட மாடி வரைக்கும் கேட்கும்.

அக்காவின் உதடு அசைகிறது. "அண்ணே…" என்கிறார்.

"சொல்லும்மா."

அக்கா வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து, மடித்தது மடித்தபடியே அவரிடம் நீட்டுகிறார். "வாங்க, மேல வந்து என் திரைய ஒரு தடவை பாத்துட்டுப் போங்க."