ரீத்தா அம்மாளின் நெற்றிக் காயம்

எங்கள் குருநகர்ச் சிற்றாலயத்தில் இருந்த புனித ரீத்தா அம்மாளின் படம் உப்புக்காற்றில் மங்கிப் போயிருந்தது. பெருநாளுக்கு முன் அதைத் திருத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஆண்டவரின் முள்முடியிலிருந்து ஒரு முள் குத்திய காயம் அம்மாளின் நெற்றியில் உண்டு. தூரிகையோடு வந்த, படம் கீறும் அண்ணையிடம், "உந்தக் காயத்தை மூடிவிடுங்கோ. புனிதை எண்டால் முகம் வடிவா இருக்க வேணும்" என்றேன்.

"அது அவவின்ரை அடையாளமெல்லோ?" என்றார். நான் விடவில்லை. காயம் மறைந்தது.

பின்னேரச் செபத்துக்கு வந்த என் மனைவி படத்தையே கனநேரம் பார்த்தாள். போர்க்காலத்தில் ஷெல் துண்டு கிழித்த தழும்பு அவள் நெற்றியில் இருக்கிறது. முக்காட்டை இழுத்து அதை மறைத்தபடிதான் கோயிலுக்கு வருவாள்.

"ஆர் காயத்தை எடுக்கச் சொன்னது?"

"நான்தான். இப்ப வடிவா இருக்கெல்லோ?"

"ஓம், வடிவுதான். ஆனால் முந்தி அவவுக்கு முன்னாலை மட்டும் முக்காட்டை விலக்க எனக்குக் கூச்சமில்லை."

கலியாணம் கட்டி இருபது வருடத்தில் ஒருநாளும் அவளை வடிவென்று நான் சொன்னதில்லை.

அடுத்தநாளே அண்ணையைக் கூட்டிவந்து காயத்தைத் திரும்பக் கீறச் சொன்னேன். அவர் முடிக்கும்வரை முழந்தாளில் இருந்து அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டேன். மனைவியிடம் கேட்க இன்னும் வாய் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.