அண்ணி தேடிய சத்தம்

இருபது முகமுள்ள பகடை ஒன்றை நான் முதன்முதலில் பார்த்தது வட்டவளைக்கு மேலே தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், எங்கள் லயத்துக் காம்பராவில், அரிசி புடைக்கிற சுளகுக்குள். கல் என்று நினைத்து அம்மா அதைப் பொறுக்கி எறியப் போனாள். அண்ணி ஓடிவந்து அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். காய் உருட்ட எங்கள் வீட்டில் மேசை கிடையாது. முதல்நாள் சுளகில் உருட்டிப் பார்த்துவிட்டு எடுத்து வைக்க மறந்திருக்கிறார். அரிசிக்கு நடுவே கரும்பச்சையாகக் கிடந்த அந்தக் காயை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அந்த மாதிரிப் பகடை இன்று என் மகளிடம் ஒரு பை நிறைய இருக்கிறது. கொழும்பில் அவளும் அலுவலக நண்பர்களும் சனிக்கிழமைகளில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் எடுத்து, ஒருவர் சொல்லும் கதைக்குள் மற்றவர்கள் வாழ்கிற விளையாட்டு ஒன்று ஆடுகிறார்கள். இப்போது அவர்கள் ஆடுவது எண்பதுகளில் நடக்கும் கதையாம். "அம்மா, அந்தக் காலத்து மியூசிக் நாலஞ்சு சொல்லுங்க, பின்னால போட்டு விளையாடணும்" என்று கேட்டாள். எண்பதுகள் அவளுக்கு அந்தக் காலமாகிவிட்டது. எனக்கோ அண்ணியின் ஞாபகம் வந்துவிட்டது.

அண்ணன் அப்போது கொழும்பில் ஒரு கடையில் நின்றான். நாட்டை விட்டுப் போன வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று கழித்துப் போட்ட சாமான்களோடு ஒரு பெட்டி வந்ததாம். கல்யாணமாகி ஒரு வருடமே ஆன மனைவியை எங்களோடு விட்டுவிட்டு மாதம் ஒருமுறை வந்து போகிறவனுக்கு ஏதாவது கொண்டுவர வேண்டுமே, அதைத் தூக்கிக்கொண்டு வந்தான். மூடியில் தொப்பி வைத்த ஆண்களும் பெரிய விளக்கு வைத்த பழைய மோட்டார் காரும் இருந்தன. உள்ளே பகடைகளும் ஓர் இங்கிலீசுப் புத்தகமும். தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்த புதிது எனக்கு. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு நான் வாசிக்க வாசிக்க, அண்ணிக்கு என்னைவிட வேகமாக விளங்கியது. ஒருவர் கதை சொல்வார், மற்றவர்கள் அதில் ஆட்களாக இருப்பார்கள், நடக்குமா நடக்காதா என்கிற இடம் வந்தால் காய் உருட்ட வேண்டும். இவ்வளவுதான் ஆட்டம். அந்தப் புத்தகத்தில் ஒரு முழுப் பக்கம் இசையைப் பற்றி இருந்தது. கதை நடக்கும் காலத்து இசைத்தட்டுகளைப் பின்னால் மெதுவாக ஓடவிட்டு ஆடினால் ஆட்டம் உயிர் பெறும் என்று எழுதியிருந்தார்கள். அண்ணி அந்தப் பக்கத்தை மட்டும் என்னிடம் மறுபடி வாசிக்கச் சொன்னார்.

வெள்ளைக்காரர்களுக்கு அந்தக் காலம் என்றால் தொப்பியும் காரும். எங்களுக்கு அந்தக் காலம் எது என்று யோசித்து, கோப்பிக்காலம் என்று அண்ணிதான் முடிவு கட்டினார். தேயிலைக்கு முன்னால் இந்த மலையெல்லாம் கோப்பியாக இருந்த காலம். மன்னாரில் தோணியிலிருந்து இறங்கி, மாத்தளைக் காட்டு வழியே நடந்து மலைக்கு வந்த சனங்களின் கதை. அந்தக் கதையில் நான் பதினாலு வயதுப் பெண். தொங்கக் காம்பராவில், அதாவது லயத்தின் கடைசி அறையில் இருந்த அக்கா, கைக்குழந்தையோடு வரும் விதவை. தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் வேலை செய்த எங்கள் மச்சான் எங்களைக் கூட்டிவரும் கங்காணி. ஞாயிற்றுக்கிழமைப் பகலில் சமையல் முடிந்ததும் சாக்கை விரித்து உட்காருவோம். அண்ணி கதை சொன்னால் கால் வலிக்கும். காட்டில் தண்ணீர் இல்லை என்பார், எழுந்து போய் ஒரு செம்பு தண்ணீர் குடிக்கத் தோன்றும். கொள்ளை நோய் வந்து அக்காவின் குழந்தை பிழைக்குமா என்று காய் உருட்ட வேண்டிய கட்டத்தில் அக்கா பகடையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டுவிட்டார். பிள்ளை பிழைத்ததாக எழுதிக்கொள்ளச் சொன்னார். அடுத்த ஞாயிறு வரை பகடை திரும்பி வரவில்லை.

சிக்கல் இசையில்தான் வந்தது. மச்சானிடம் இரண்டு ஸ்பீக்கர் வைத்த ரேடியோ செட் ஒன்று இருந்தது, கேசட்டும் போடலாம், பதிவும் செய்யலாம். தோட்டத்தில் அதற்கு இருந்த மரியாதை துரைக்குக்கூட இல்லை. மச்சான் தன்னிடம் இருந்த சினிமாப் பாட்டைப் போட்டார். காட்டுப் பாதையில் சனம் பசியோடு நடக்கும்போது பின்னால் காதல் பாட்டு கேட்டது. அண்ணி கதையை நிறுத்திவிட்டு, "இந்தப் பாட்டுக்கு நாங்க நடந்து வரல மச்சான், பஸ்ல வந்திருக்கோம்" என்றார். பிறகு கோவில் திருவிழாவுக்குப் போடும் பழைய பக்திப் பாட்டு வந்தது, அதிலும் பிடில் கூட்டம். மாதா கோவிலில் ஆர்மோனியம் வாசிக்கும் ஆளைக் கேட்கலாமா என்று யோசித்தோம். தொங்கக் காம்பரா அக்கா தானே தெம்மாங்கு பாடுவதாகச் சொல்லிப் பாடினார். குரல் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அவர் பாடினால் அவருடைய பிள்ளையைத் தூக்க ஆள் இல்லை. அந்தப் பிள்ளை கதையில் மட்டுந்தான் இருக்கிறது என்பதை நாங்கள் எல்லாருமே மறந்துபோயிருந்தோம்.

கதையில் நாங்கள் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தாயிற்று. முதல் நாள் விடிய வேண்டும், பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுத்து வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, எல்லாரும் போக வேண்டும். அன்றைக்கு அந்தச் சனங்களை எழுப்பிய சத்தம் எது? எங்கள் தோட்டத்தில் ஸ்டோர் சங்கு ஊதும். கோப்பிக்காலத்தில் சங்கு ஏது? அண்ணி, தன் அப்பா வலப்பனைப் பக்கத்துத் தோட்டத்தில் இன்னமும் பெரட்டுக்குத் தப்படிக்கிறார் என்றார். அவருக்கு முன்னால் அவர் அப்பா, அதற்கும் முன்னால் அவர் தாத்தா அடித்தாராம். நூறு வருசத்துக்கு முந்திய சத்தம் வேண்டுமென்றால் அதைவிட எது உண்டு. எங்களுக்கும் சரி என்றே பட்டது.

அதோடு இன்னொன்றையும் அன்றுதான் சொன்னார். அவருடைய அப்பா அம்மாவுக்கு இந்தியாவுக்குப் போகிற நாள் குறித்து வந்துவிட்டது. இரண்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தத்தில் அவர்களுக்கு இந்தியப் பாஸ்போர்ட், எங்கள் அண்ணனுக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமை. கல்யாணத்தோடு அண்ணி இந்தப் பக்கம் வந்துவிட்டார். போனால் பார்க்க முடியுமா என்று யாரும் கேட்கவில்லை. போனவர்களில் திரும்பி வந்து முகம் காட்டியவர் எங்களுக்குத் தெரிந்து ஒருவரும் இல்லை.

பௌர்ணமிப் போயா லீவில் அண்ணி மச்சானின் செட்டைத் துண்டில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு தனியாகப் பஸ் ஏறினார். எந்த இரண்டு பொத்தானைச் சேர்த்து அமுக்க வேண்டும் என்று மச்சான் பத்துத் தடவை சொல்லி அனுப்பினார், பெண்டாட்டியை அனுப்பினால்கூட அவ்வளவு சொல்லியிருக்க மாட்டார். மறுநாள் அண்ணி திரும்பி வந்து நடந்ததைச் சொன்னார். இதை வைத்து என்ன செய்யப்போகிறாய் என்று அவர் அப்பா கேட்டாராம். விளையாடப் போகிறோம் என்றாராம் இவர். அவர் தப்பை நெருப்பில் காய்ச்சிக்கொண்டே சிரித்துவிட்டு, "வெளாடுங்க ஆத்தா. நான் அடிச்சு ஒருத்தரும் சந்தோசமா எந்திரிச்சதில்ல. நீங்களாச்சும் சிரிங்க" என்றாராம். அதைச் சொல்லும்போது அண்ணியும் சிரித்தார். கேசட்டை யாரிடமும் கொடுக்கவில்லை, தலையணைக்குக் கீழே வைத்துத் தூங்கினார். அவர் அப்பாவிடமிருந்து அவருக்கு மிஞ்சப்போவது அது ஒன்றுதான் என்று எனக்கு அப்போதே தெரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் முறையாகச் செய்தோம். பெரட்டுச் சத்தம் தூரத்திலிருந்துதானே வரும், ஆகவே செட்டை வாசல் கட்டில் வைத்துச் சத்தத்தைக் கூட்டச் சொன்னார் அண்ணி. நாங்கள் உள்ளே சாக்கில் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டோம், கோப்பிக்காலத்துச் சனங்கள் தூங்குகிறோம் என்று அர்த்தம். தப்பு எழுந்தது. முதலில் ஒற்றை ஒற்றையாக, பிறகு மூன்று மூன்றாக. நான் கண்ணைத் திறந்தேன். மச்சானும் திறந்திருந்தார். தொங்கக் காம்பரா அக்கா எழுந்தே உட்கார்ந்துவிட்டார். எங்கள் தோட்டத்தில் சாவுக்கு அடிக்கிற அடி அது. அண்ணி வீட்டாரின் முன்னோர் ஒரு சீமையிலிருந்து வந்தவர்கள், எங்கள் முன்னோர் வேறொரு சீமை. அங்கே ஆளை எழுப்புகிற அடியை இங்கே ஆள் போன பிறகு அடிக்கிறோம். அண்ணி வந்த ஒரு வருடத்தில் எங்கள் லயத்தில் சாவு விழவில்லை, அவருக்கு எப்படித் தெரியும்? நாங்கள் திகைத்துப் போய்க் கிடக்க, அவர் முகம் முழுக்க மலர்ந்து, "எந்திரிங்க, பெரட்டுக்கு நேரமாச்சு" என்று கதையைத் தொடர்ந்தார்.

அதற்குள் லயம் முழுவதும் எழுந்துவிட்டது. ஆண்கள் தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்கள். மேல் லயத்துப் பெண்கள் நாலு பேர் வாசலுக்கு வருமுன்னே ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார்கள், யாருக்கு என்று தெரியாததால் பெயர் வர வேண்டிய இடத்தை மட்டும் விட்டு விட்டு அழுதார்கள். பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த அம்மா குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். எங்கள் வாசலில் கூட்டத்தைப் பார்த்ததும் அவள் வாயிலிருந்து வந்தது அண்ணனின் பெயர். மச்சான் பாய்ந்து செட்டை நிறுத்தினார். விஷயம் தெரிந்ததும் ஊரே சிரித்தது, ஒப்பாரிக்காரப் பெண்கள் வந்ததற்குத் தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போனார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. எப்போது கலவரம் வெடிக்கும் என்று தெரியாமல், கொழும்பிலிருந்து ஒரு நாள் தகவல் இல்லையென்றால் எந்தத் தாயும் சோறு தின்னாத காலம் அது. அவள் கேசட்டை எடுத்துத் தன் தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டினாள். "எம் மகன் கொழும்புல இருக்கான். இந்தச் சத்தம் இனி இந்த வீட்டுல கேக்கக் கூடாது. ஆத்துல போட்டுர்றேன்" என்றாள். அண்ணி, "சரிங்க அத்தை" என்றார். எனக்கு அம்மா மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை, அதே நேரம் அவள் பயத்தையும் குறை சொல்ல முடியவில்லை. அண்ணன் அந்த மாதம் நல்லபடியாக வந்து போனான். அதன் பிறகும் பெட்டி திறக்கவில்லை. ஆட்டமும் நின்றுபோனது. அண்ணி எப்போதும்போலக் கொழுந்தெடுக்கப் போனார், வந்தார், என்னைக் கேலி செய்யக்கூட மறந்துவிட்டார்.

வலப்பனைச் சனங்களை ஏற்றிய கோச்சி நானுஓயாவில் புறப்பட்டு எங்கள் ஸ்டேஷன் வழியாகத்தான் தலைமன்னாருக்குப் போக வேண்டும். நாங்கள் எல்லாரும் இறங்கிப் போய்க் காத்திருந்தோம். அம்மாவும் வந்தாள். அண்ணி ரொட்டியும் கட்டுச் சம்பலும் ஒரு பொட்டலம் தேயிலைத் தூளும் வைத்திருந்தார். கோச்சி வருவதற்கு முன்பே அழுகை வந்தது, ஒவ்வொரு ஜன்னலிலும் கைகள். அண்ணியின் அப்பாவை ஒரு ஜன்னலில் கண்டுபிடித்துப் பொட்டலத்தைக் கொடுப்பதற்கே இருந்த நேரம் முக்கால்வாசி போய்விட்டது. அவர் அண்ணியின் தலையில் கை வைத்தார். பிறகு எங்கள் அம்மாவைப் பார்த்து, "சம்பந்தி, பிள்ளைய ஒங்ககிட்ட வுட்டுட்டுப் போறேன்" என்றார். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கோச்சி நகர்ந்துவிட்டது. அண்ணி மேடை முடிகிற இடம் வரை ஓடினார். அம்மா அவர் பின்னாலேயே ஓடினாள், அவள் ஓடி அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் கோவிலுக்குப் போய்விட்டு வந்தபோது சாக்கு விரித்திருந்தது. அதன் மேல் பகடைகள், பக்கத்தில் மச்சானின் செட், அதற்கு மேல் அந்தக் கேசட். அம்மா அடுப்பு ஊதிக்கொண்டே, எல்லாரும் உட்காருங்கள், கதை பாதியில் நிற்கிறது என்றாள். அண்ணி அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேசட்டைப் போட்டார். சத்தத்தைக் குறைக்கப் போன மச்சானின் கையை அம்மா தட்டிவிட்டாள். ஒற்றை ஒற்றையாக, பிறகு மூன்று மூன்றாகத் தப்பு முழங்கியது. இந்தத் தடவை கடைசிவரை ஓடியது. நாங்கள் யாரும் கண்ணை மூடவில்லை. அண்ணி அழுதார், அழுதுகொண்டே எங்களைப் பெரட்டுக்கு எழுப்பினார்.

என் மகளின் கைப்பேசியில் உலகத்தின் எந்தக் காலத்து இசையும் ஒரு தட்டலில் வருகிறது. நாலஞ்சு பாட்டு சொல்லி அனுப்பினேன், நன்றாக இருந்ததாம். அவளிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அந்த ஞாயிற்றுக்கிழமை அவ்வளவு சத்தமாகத் தப்பு கேட்டும் லயத்தில் ஒருவரும் வாசலுக்கு வரவில்லை. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. தொங்கக் காம்பரா அக்காதான் பிறகு சொன்னார். நான் கோவிலில் இருந்த நேரத்தில் அம்மா மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் போய் ஒவ்வொரு வாசலிலும் நின்று சொல்லியிருக்கிறாள்: "இன்னிக்கு எங்க வீட்டுல தப்பு கேக்கும். யாரும் சாகல. எம் மருமக அவ அப்பாவக் கேக்கப் போறா."