பெருமாயி கேட்ட எட்டு நாள்

மலைமேல் குண்டனி நாட்டில் பெருமாயியிடம் யார் எதைக் கேட்டாலும் முதலில் வரும் பதில் "பாக்கலாம்" என்பதுதான். முடியாது என்று சொல்லமாட்டாள். சரி என்றும் சொல்லமாட்டாள். சோளக்காட்டுச் சந்தைக்கு மிளகு வாங்க வரும் கீழ்நாட்டு வியாபாரிகள் அவளுக்குப் 'பாக்கலாம்' என்றே பேர் வைத்திருந்தார்கள். அது வீம்பு இல்லை. எதையும் இரண்டு தரம் கண்ணால் பார்த்தால்தான் அவளுக்கு மனம் ஒப்பும். மகள் பிறந்தபிறகு அந்தக் குணம் இன்னும் முற்றிப்போயிற்று.

மகள் பொன்னாயிக்கு ஆறு வயது. நன்றாக ஓடியாடுகிற பிள்ளைக்குத் திடீரென்று ஒரு நாள் மூச்சு இழுக்கும். விலாவில் குழி விழும். கண் சிவந்து நீர் கோத்துக்கொள்ளும். போன வருஷம் மார்கழியில் உதடு நீலம் பாரித்து, படுக்க முடியாமல், இரண்டு நாள் தாயின் தோளிலேயே நிமிர்ந்து கிடந்தது. ஊரில் ஈளை என்றார்கள், குளிர்தான் காரணம் என்றார்கள். பெருமாயி குளிரை நம்பவில்லை. அதே குளிரில் நாலு நாள் சும்மா இருந்த மூச்சு ஐந்தாம் நாள் மட்டும் ஏன் இழுக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்படிப் பார்த்ததில் அகப்பட்டவை இரண்டு. ஒன்று, களத்தில் சாமை அடிக்கும்போது தூசியாகப் பறக்கிற சுணை. மற்றது, வீட்டிலிருந்த ஒரே கம்பளி. கம்பளியை அன்றைக்கே நாத்தனாருக்குக் கொடுத்தனுப்பிவிட்டாள். அதிலிருந்து அந்த வீடு மலைக்குளிரைப் பருத்திப் போர்வையோடும் அடுப்புக் கனலோடும் கழித்தது. கணவன் சின்னமுத்து பல் கிட்டிக்கும்போதெல்லாம், கம்பளி போனால் போகட்டும், அடுத்து என்னையும் கொடுத்தனுப்பிவிடாதே என்பான்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் ஒரு புரட்டாசி அது. சாமை பால் பிடித்து நின்றது. காட்டுப்பன்றிகள் கூட்டமாக இறங்கி, குச்சிக்கிழங்குக் காட்டில் பாதியை உழுதுவிட்டுப் போயின. சின்னமுத்து பரணில் காவல் படுத்தான். பனியில் பத்து நாள் கிடந்ததில் காய்ச்சல் கண்டு, பன்றியை விரட்ட எழுந்தவன் பரணிலிருந்து வழுக்கிக் கணுக்காலைப் பிசகிக்கொண்டான். இனி ஒரு நாய் இல்லாமல் சாமை வீடு வந்து சேராது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. சாமை வராவிட்டால் அந்த வருஷம் கஞ்சிக்கு வேறு வழியில்லை.

மூன்று மேடு தாண்டிய ஊரில் பெருமாயியின் அண்ணன் கந்தப்பன் நாய்கள் வளர்த்தான். பன்றியை மடக்கிப் பழகிய ஒரு செவலைப் பெட்டை இருக்கிறது, ஓட்டிவருகிறேன் என்று சொல்லியனுப்பினான். சின்னமுத்துவுக்கு அப்போதே பாதி காய்ச்சல் விட்டுவிட்டது. பெருமாயிக்குத்தான் கம்பளி ஞாபகம் வந்தது. ஆட்டு மயிர் ஆகாத பிள்ளைக்கு நாய் மயிர் ஆகுமா? கம்பளியை மடித்துக் கொடுத்துவிடலாம். நாய் அப்படியில்லை, வாசலில் கிடக்கும், பிள்ளை பின்னாலேயே போகும், பிள்ளைக்கும் அதன்மேல் உயிராகிவிடும்.

அவள் அண்ணனிடம் எட்டு நாள் தவணை கேட்டாள். நாயைப் பலாமரத்தடியில் கட்டிவைப்பது. பிள்ளையை முதலில் எட்ட நிறுத்துவது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே விடுவது. எட்டு நாளில் மூச்சு இழுக்காவிட்டால் நாய் இங்கே. இழுத்தால் அந்த நிமிஷமே திருப்பி அனுப்பிவிடுவது.

கந்தப்பன் சிரித்தான். "உன்னையப் பொண்ணு பாக்க வந்தவுங்களே அரை நாள்தான் பாத்தாங்க. நாயிக்கு எட்டு நாளா?"

"அரை நாள்ல பாத்ததுனாலதான் இந்த ஊட்ல வந்து மாட்டிக்கிட்டேன்" என்றாள் பெருமாயி. உள்ளே படுத்திருந்தவன் காதில் விழட்டும் என்றேதான் சொன்னாள்.

செவலை வந்தது. வந்த அன்றைக்கே பன்றி வாடைக்குக் குரைத்த குரைப்பில் பள்ளம் முழுக்க எதிரொலித்தது. மறுநாள் காலையில் காட்டில் புதுத் தடம் ஒன்றும் இல்லை. பொன்னாயி முதல் இரண்டு நாளும் பாறைமேல் உட்கார்ந்து எட்ட இருந்தே அதனோடு பேசினாள். செவலி என்று பேர் வைத்தாள். நாயும் அவள் பக்கமே முகத்தை வைத்துப் படுத்துக்கொண்டது. மூன்றாம் நாள் சாயங்காலம் பெருமாயி தண்ணீர் எடுத்துத் திரும்பிவந்தபோது, பிள்ளை நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, கன்னத்தை அதன்மேல் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தது. குடத்தை இறக்கக்கூடத் தோன்றாமல் பெருமாயி மூச்சைப் பார்த்தாள். சீராக இருந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, நெகிழ்ந்திருந்த கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு உள்ளே போனாள்.

ஐந்தாம் நாள் காலையில் பொன்னாயி எழுந்தபோது அவளுக்கு இடது கண் திறக்கவில்லை. கன்னம் வீங்கிப் பளபளவென்றிருந்தது. கையில் கருந்தடிப்பும் நீர்க்கொப்புளமுமாக இருந்தது. சொறிந்துகொண்டே அழுதது.

நாய் வேண்டும் என்று அதிகம் தவித்தவன் சின்னமுத்து. வேண்டாம் என்று முதலில் சொன்னவனும் அவன்தான். "சாமை போனா அடுத்த வருசம் வெதைக்கலாம். நாய அனுப்பிச்சிடு புள்ளே" என்றான். அண்ணனுக்கு ஆள் போயிற்று. பக்கத்துக் காட்டு ராமாயி வந்து பார்த்து, நாய் ஆகாத பிள்ளைக்கு எதற்கு நாய், உனக்குத் தெரியாததா என்று சொல்லிவிட்டுப் போனாள். பொன்னாயி ஒற்றைக் கண்ணோடு தாயின் முந்தானையைப் பிடித்து, "செவலியத் திட்டாதம்மா. அது ஒண்ணும் பண்ணலை. நாந்தான் கட்டிக்கிட்டேன்" என்றாள்.

பெருமாயி யாரையும் திட்டவில்லை. பிள்ளையின் முதுகில் காதை வைத்து வெகுநேரம் கேட்டாள். இழுப்பு இல்லை. விலாவில் குழி இல்லை. கம்பளியானாலும் சுணையானாலும் முதலில் மூச்சைத்தான் பிடிக்கும், தோலுக்கு வருவது பிறகுதான். இது தோலை மட்டும் பிடித்திருந்தது. அதுவும் முழுக்க இல்லை. இடது கன்னத்திலும் முன்கைகளின் உள்பக்கத்திலும் மட்டும். நாயைக் கட்டிக்கொண்டு தூங்கிய அன்றைக்கு அதன் வால் பிள்ளையின் காலில்தான் கிடந்தது. காலில் ஒரு தடிப்பும் இல்லை.

மத்தியானம் கந்தப்பன் வந்து சேர்ந்தான். முகத்தில் சிரிப்பில்லை. மருமகளைத் தூக்கப் போய், தொடலாமோ கூடாதோ என்று கையை இழுத்துக்கொண்டான். பெருமாயி நாயை அவிழ்க்கப் போனாள். முடிச்சில் விரலை விட்டதும் சுரீர் என்றது. அன்றைக்குக் கயிற்றை இறுக்கிக் கட்டிய கையை வெயிலில் நீட்டிப் பார்த்தாள். காய்ப்பேறிய விரல்களின் இடுக்கில், தோல் மெலிந்த இடத்தில், பிள்ளைக்கு இருந்த அதே கொப்புளம்.

அவள் நாய்களோடு புரண்டு வளர்ந்தவள். அவளுக்குமா நாய் ஆகாமல் போயிற்று?

"அண்ணா, இது கழுத்துல என்னத்தப் போட்ட?"

கந்தப்பன் ஒன்றுமில்லை என்றுதான் முதலில் சொன்னான். பிறகு நாயின் கழுத்தைப் பார்த்தான். "பன்னி குத்துன புண்ணு ஒண்ணு இருந்துது. புண்ணு நாயத் தள்ளிவிட்டுட்டான்னு மச்சான் சொல்லக்கூடாது பாரு. ஆத்தித்தான் கொண்டாந்தேன்."

"எதுல ஆத்துன?"

"வேற எதுல? சேங்கொட்டை எண்ணெயிலதான்."

சொல்லி முடிப்பதற்குள் அவன் கண் பிள்ளையின் கன்னத்துக்குப் போயிற்று. மலையில் மாட்டுக்குப் புழு வைத்தாலும் நாய்க்குப் புண் வந்தாலும் சேங்கொட்டையைக் காய்ச்சித்தான் போடுவார்கள். துணியில் குறி போட வண்ணான் வைத்திருக்கிற அதே கொட்டை. புண்ணை ஆற்றும், நல்ல தோலில் பட்டால் கொப்பளித்துவிடும். பூசுகிறவர்கள் கையில் ஆமணக்கெண்ணெய் தடவிக்கொண்டுதான் தொடுவார்கள். கந்தப்பனும் அப்படித்தான் செய்தான். நாயைக் கூட்டிவரும்போது கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு வந்தான். நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு யாரும் தூங்குவதில்லை என்பதால், இப்படி ஒரு கெடுதல் உண்டு என்று அந்த நாட்டில் யாருக்கும் தோன்றியதில்லை.

"மாட்டுக்குப் போடற கையில தங்கச்சி ஊட்டுக்கும் போட்டுட்டேனே" என்றான்.

பெருமாயிக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது. வரவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சில் ஒன்றும் இல்லை, வெறும் தோல்தான் என்பதை மனசுக்குள் இரண்டு மூன்று தரம் சொல்லிக்கொண்டாள். சொல்லச் சொல்ல, போன மார்கழியிலிருந்து தோளில் இருந்த கனம் கொஞ்சம் இறங்கியது போலிருந்தது.

கயிற்றை எரிக்கலாமா என்று சின்னமுத்து கேட்டான். சேங்கொட்டைப் புகை அதைவிட மோசம் என்று சொல்லிக் குழி தோண்டிப் புதைத்தார்கள். கந்தப்பன் கையில் எண்ணெய் பூசிக்கொண்டு, நாயை ஓடைக்கு இழுத்துப்போய் அரப்புப் போட்டு மூன்று தரம் தேய்த்தான். அது அவனை முழுக்க நனைத்துவிட்டுத்தான் கரையேறியது. பிள்ளையின் கன்னத்தில் தேங்காயெண்ணெய் தடவினார்கள். ஆறேழு நாளில் வீக்கம் வற்றி, கருந்தோல் உரிந்து, உள்ளேயிருந்து புதுத்தோல் தெரிந்தது.

ஆனாலும் பெருமாயி பெருமாயிதான். பிள்ளைக்கு ஆறியபிறகு எட்டு நாளையும் முதலிலிருந்து எண்ணினாள். நாலு நாள் கழிந்ததாக வைத்துக்கொள்ளேன் என்று சின்னமுத்து கேட்டுப்பார்த்தான். காது கொடுக்கவில்லை. முதல் நாள் பாறை. மூன்றாம் நாள் ஒரு முழம். ஐந்தாம் நாள் பிள்ளை நாயின் காதைத் திருகிக்கொண்டிருந்தது. ஆறாம் நாள் அதன் வயிற்றைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டு, சாமிக்குப் பாடுகிற பாட்டைச் செவலிக்குப் பாடியது. ஏழாம் நாள் லேசாக ஒரு இருமல் வந்தது. பெருமாயி உலையை விட்டுவிட்டு ஓடினாள். கருப்பட்டி புரையேறியிருந்தது. யாருக்கும் தெரியாமல் தானே சிரித்துக்கொண்டு திரும்பிவந்தாள்.

அதற்குள் காட்டில் சாமை முற்றித் தலை சாய்ந்துவிட்டது. பன்றி வரப்புத் தாண்டவில்லை. அறுத்த சாமையை இந்த வருஷம் வீட்டுப்பக்கம் கொண்டுவராமல், சுணை வீட்டுப்பக்கம் பறக்காதபடி காற்றுக்குக் கீழே, எட்டத்தில் களம் போட்டு அடிப்பது என்று பெருமாயி முடிவு செய்தாள். அடித்து முடியும்வரை நாயும் களத்துப்பக்கம் போகக்கூடாது. மயிரில் சுணையை ஏற்றிக்கொண்டு வந்துவிடும். பிள்ளைக்கு நாய் காவல், நாய்க்குப் பிள்ளை காவல் என்றாள்.

ஒன்பதாம் நாள், சொன்னபடி கந்தப்பன் புதுக்கயிறு ஒன்றோடு வந்தான். ஆகாது என்றால் ஓட்டிப்போக. வாசலுக்கு இருபது அடி இருக்கும்போதே செவலி எழுந்து நின்று, தன்னைக் குட்டியிலிருந்து வளர்த்தவனைப் பார்த்து விடாமல் குரைத்தது. பொன்னாயி அதன் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து, "மாமன்டீ, மாமன்டீ" என்று அதட்டினாள். கத்திய கத்தலில் அவளுக்கு மூச்சு வாங்கியது. ஓடிவிளையாடுகிற எந்தப் பிள்ளைக்கும் வாங்குகிற மூச்சு அது.

"பதினஞ்சு நாள்ல என்னைய அன்னியனாக்கிடுச்சு பாரு" என்றான் கந்தப்பன். நின்ற இடத்தைவிட்டு ஒரு அடி எடுத்துவைக்கவில்லை.

பெருமாயி இறங்கிப்போய் அவன் கையிலிருந்த கயிற்றை வாங்கிக்கொண்டாள். களி கிண்டியிருக்கிறேன், சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள்.